இருபத்தொன்று

காலை ஒன்பதரைக்குப் போன் அலறியது.

இன்ஸ்பெக்டர். மொட்டை மாடியிலிருந்து விழுந்து ஒரு பெண் இறந்துவிட்டாளாம். இந்த மனநல மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தவள். போன வாரம் அவள் பெயரில் வந்த கேள்வித்தாளில் இருபத்தொரு மார்க்.

"இருபதைத் தொட்டா அன்னிக்கே கூப்பிடுவீங்களாமே... ஏன் கூப்பிடலை?"

கணக்கம்மா போன வாரப் பட்டியலை இழுத்துப் பார்த்தாள்.

கணக்கம்மா என்பது டாக்டர்கள் வைத்த பெயர். புள்ளிவிவரம் அவள் வேலை. ஒன்பது கேள்விகள்... ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை. கூட்டினால் எத்தனை வந்தால் 'கடுமையான மனச்சோர்வு' என்று கோடு கிழிப்பவள் அவள்தான்.

இரண்டு மாதம் முன்புதான் முந்நூறு பேரின் தாள்களை டாக்டர்களின் முடிவோடு ஒப்பிட்டு, கோட்டை இருபதிலிருந்து இருபத்திரண்டுக்கு ஏற்றியிருந்தாள்.

ஒரே ஒரு மார்க்... ஓர் உயிர்!

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே செத்தவளின் கணவன். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. மனைவி ஒரு மாதமாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்றான். அவள் எழுதிய தாளைத் தானே கொண்டுவந்து வரவேற்பறைப் பெட்டியில் போட்டதாகவும் சொன்னான்.

"நீங்க போட்ட கோடுதாம்மா அவளைக் கொன்னுடுச்சு."

கணக்கம்மா செத்தவளின் ஃபைலைப் பிரித்தாள்.

கடைசித் தாளில் பார்வை நின்றது. அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது... '20-ம் அதற்கு மேலும் கடுமை.'

பழைய தாள்!

கோட்டைப் பார்த்துவிட்டால் ஆட்கள் அதற்கேற்றபடி பதில் எழுதுகிறார்கள் என்று, இரண்டு மாதம் முன்பே அந்த வரியை எடுக்கச் சொன்னவள் அவளேதான்.

அதற்கு முந்தைய தாள் புதிய அச்சு. மூன்றே நாள் முந்தைய தேதி. செத்தவள் தனியாக வந்து நர்ஸ் முன்னால் உட்கார்ந்து எழுதியது.

ஆறு மார்க்.

கணக்கம்மா இரண்டையும் இன்ஸ்பெக்டர் பக்கம் நகர்த்தினாள்.

"தேறிட்டு வந்தவ சார். இந்த இருபத்தொண்ணு... கோடு எங்கேன்னு பார்த்துட்டு யாரோ தாண்டினது."

கணவன் அழுகையை நிறுத்தினான். அதுதான் அவன் செய்த தப்பு. இன்ஸ்பெக்டர் திரும்பி அவன் முகத்தையே பார்த்தார்.

சாயங்காலம் கைரேகை முடிவு வந்தது. பழைய தாளில் கணவன் விரல் இருந்தது, வரவேற்பறைக்காரி விரல் இருந்தது, கணக்கம்மா விரல்கூட இருந்தது. மனைவியின் விரல் மட்டும் படவேயில்லை. வீட்டில் கிடந்த பழைய தாளைத் தானே நிரப்பியதையும் அவளைத் தள்ளிவிட்டதையும் எட்டு மணிக்குள் ஒப்புக்கொண்டான். அவள் அவனைப் பிரிந்துபோகக் கிளம்பினாளாம்.

இன்ஸ்பெக்டர் போனில் தகவல் சொன்னார். நிம்மதியாக வீட்டுக்குப் போகச் சொன்னார்.

கணக்கம்மா போகவில்லை. இரண்டு மாதத்தில் இருபதும் இருபத்தொன்றும் வாங்கியவர்கள் பட்டியல் மேஜைமேல் கிடந்தது. பதினொரு பேர். யாரையும் யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. இன்னும் தேட ஆட்கள் இருக்கிறார்கள் என்றாள்.

"அதான் ஆளைப் பிடிச்சாச்சேம்மா. இன்னும் யாரைத் தேடுறீங்க?"

"செத்தவங்களுக்காகத் தேட நீங்க இருக்கீங்க சார். உயிரோட இருக்கிறவங்களை நான் தேடுறேன்... லைனை விடுங்க."