மேசை மேல் ஓடிய பாதை

முனிகிருஷ்ணன் கதவைத் திறந்து உள்ளே போனபோது மேசை மேலிருந்த மண் ஈரமாக இருந்தது.

ஈரமாக இருக்க வழியே இல்லை. அது மண்ணே அல்ல. மரத்தூளைச் சாயத்தில் பிரட்டிக் காயவைத்து, வஜ்ஜிரப் பசை தடவிய பலகையில் அவனே தூவியது. சன்னல்கள் சாத்தியிருந்தன. வெளியே வேப்பம்பட்டு முழுக்க மாலை வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் தொட்ட விரல் சில்லிட்டது. மோந்து பார்த்தால், மழை விழுந்த ரயில் கரையின் வாசனை, துருவும் கரியும் எருக்கஞ்செடியும் கலந்த அந்த வாசனை, வஜ்ஜிரத்தின் வாடையையும் மீறிக்கொண்டு வந்தது.

துண்டால் ஒற்றி எடுத்தான். துண்டைப் பிழிந்துகொண்டிருக்கும்போதே வெளியே வானம் இருட்டி, ஓட்டின்மேல் மழை பிடித்துக்கொண்டது.

வீடு குப்புராஜ் சாருடையது. ஓய்வுபெற்ற இன்ஜினீயர், வீட்டின் பின்சுவருக்கு அந்தப்பக்கம் ரயில் பாதை. கப்பலில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி மகன் சீமையிலிருந்து பொம்மை ரயில் சாமான்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்து கொடுப்பான். பெட்டியைத் திறந்தால் தீக்குச்சியைவிட மெலிந்த மரச்சட்டங்கள், நகத்தளவு சன்னல்கள், ஈயத்தில் வார்த்த விளக்குக் கம்பங்கள். எல்லாவற்றையும் அறுத்து, இழைத்து, ஒட்டி ஒரு ஊரையே எழுப்பவேண்டும். சாருக்குக் கை நடுங்கும். அதனால் கை முனிகிருஷ்ணனுடையது. ரயில் பாதையைச் செப்பனிடும் கேங்மேனாக இருந்தவன், தண்டவாளம் சரிந்து கால் நொண்டியானதும் வேலை போய், இந்த மேசைக்கு வந்து சேர்ந்தான். சீமை வீடுகளை வெட்டித் திருத்தி, வேப்பம்பட்டு கேட்டைக் கட்டினான், ஸ்டேஷனைக் கட்டினான், சார் வீட்டுப் பின்சுவரைக் கட்டினான். அந்தச் சுவரை ஒட்டித் தண்டவாளத்தைத் தாண்டிப் போகும் ஒற்றையடிப் பாதையையும் விடவில்லை. தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் சிலிப்பர் கட்டைகளை ஒவ்வொன்றாக அறுத்துத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கினான்.

முதல் ரயில் விடும் நாளில் அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"சார், புதுப் பாதை. கோழி காவு குடுக்காம இன்ஜினை உடக்கூடாது."

"பொம்மை ரயிலுக்குக் கோழியா? இன்னும் கொஞ்ச நாள்ல டிக்கெட் எடுக்கலன்னு என்னையே பிடிச்சு உட்கார வைப்பே போல!"

சார் சிரித்தார். அவனும் சிரித்தான். ஆனால் கேங்கில் இருந்தவரை காவு கொடுக்காத பாதையில் அவன் ரயில் விட்டுப் பார்த்ததில்லை. சார் காபி குடிக்க எழுந்து போனதும் மனசு கேட்கவில்லை. சின்ன ரயிலுக்குச் சின்னக் காவு போதும் என்று, பிளேடால் கட்டைவிரலைக் கீறி, ஒற்றையடிப் பாதை தாண்டுகிற இடத்துச் சிலிப்பர்மேல் ஒரு சொட்டு ரத்தம் விட்டான். வழிந்து பரவும் என்று துணியோடு நின்றான். வழியவில்லை. காய்ந்த நிலம் தண்ணீரைக் குடிப்பதுபோல அந்தக் கட்டை குடித்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் ஆடு. மேசையில் அவன் புல்மேல் நிற்கவைத்த ஈய ஆடு ஒருநாள் தண்டவாளத்தின்மேல் கிடந்தது. எடுத்து மறுபடி புல்மேல் வைத்தான். அன்றைக்குச் சாயங்காலம் அவன் வீட்டு வெள்ளாடு, அதே ஒற்றையடிப் பாதையில், மெயில் ரயிலில் அடிபட்டுச் செத்தது.

"ரயில்காரன் ஊட்டு ஆட்டுக்கே ரயில் வர்ற நேரம் தெரில பாத்தியா நைனா," என்றாள் எல்லம்மா. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனுக்கு ஒரே மகள். தாய் இல்லாத பெண். ஆவடிப் பக்கம் நூல் கம்பெனிக்குப் போய்வருகிறாள்.

"நீ இனிமே அந்த வழியா வராத. கேட்டைச் சுத்திக்கினு வா."

"கேட்டைச் சுத்துனா ஊடு வந்து சேர்றதுக்குள்ள விடிஞ்சிடும். பேஜாரு பண்ணாத நைனா."

இன்றைக்குச் சார் மெட்ராஸ் போயிருந்தார். மழை வலுத்தது. மின்சாரம் போயிற்று. ரயில் ஓட்டும் கரண்டுப் பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்து அறை முழுக்கச் சாம்பல் நிறமானது. ஸ்டேஷனில் ஆவடி லோக்கல் வந்து நின்று, பெருமூச்சு விட்டு, கிளம்பிப் போகும் சத்தம் மழைக்குள் கேட்டது. எல்லம்மா இறங்கியிருப்பாள். அரிக்கேன் விளக்கை ஏற்றி, மண்ணில் ஓதம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்க மேசைமேல் குனிந்தான்.

மேசை ஸ்டேஷனுக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஒரு பெண் நின்றாள்.

அவன் செய்யாத உருவம். எந்தப் பெட்டியிலும் வராத உருவம். அரிசி மணியைவிடக் கொஞ்சம் உயரம். மஞ்சள் தாவணி. கையில் சோற்றுத் தூக்கு. மழைக்குத் தலைமேல் பிளாஸ்டிக் தாள்.

காலையில் அந்தத் தாளை மடித்து அவள் கையில் கொடுத்தவன் அவன்தான்.

விளக்கைக் கீழே வைத்தான். நிமிர்ந்து பார்த்தால் அவள் சுவரருகே இருந்தாள். நகர்வதைக் காணவில்லை. கண் சிமிட்டினால் போதும், இடம் மாறியிருந்தாள். இடுக்கியால் பிடித்துத் தூக்கப் பார்த்தான். வரவில்லை. இன்னும் இழுத்தால் இடுப்போடு முறிந்துவிடும்போல வளைந்தாள். விரலால் தொட்டான்.

சூடாக இருந்தாள்.

பின்சன்னலை உடைக்கிற வேகத்தில் திறந்தான். மழை. வெள்ளை மழை. சுவர் தெரியவில்லை, பாதை தெரியவில்லை.

"எல்லம்மா! அங்கியே நில்லு! தாண்டாத!"

குரல் சன்னலுக்கு வெளியே போய் அங்கேயே விழுந்தது. பதிலுக்கு, திருநின்றவூர்ப் பக்கமிருந்து மெயிலின் ஊதல் வந்தது. நீளமாக. இந்தக் காலை வைத்துக்கொண்டு ஓடினால் சுவரைச் சுற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

முதுகுக்குப் பின்னால் தடதடப்பு.

மேசையில் இன்ஜின் கிளம்பியிருந்தது. கரண்டு இல்லை. சிவப்பு விளக்கு எரியவில்லை. ஆனாலும் ஓடியது. ஸ்டேஷனைத் தாண்டியது. கேட்டைத் தாண்டியது. கரண்டுக் கம்பியைப் பிடுங்கினான். ஓடியது. தண்டவாளத்தை நெம்பினான். அசையவில்லை. நன்றாகத்தான் அடித்திருந்தான், ஒவ்வொரு ஆணியையும்.

அவள் ஒரு காலைச் சிலிப்பர்மேல் வைத்திருந்தாள். ரத்தம் குடித்த சிலிப்பர்.

"ஐயோ அம்மா, வேணாம். எனக்கு ஒண்ணே ஒண்ணு."

கையைக் கவிழ்த்தான். அவள்மேல். உள்ளங்கையைக் குழித்து, அவளை மூடி, விரல்களைத் தண்டவாளத்தின்மேல் அழுத்தினான்.

இன்ஜின் சுண்டுவிரலில் வந்து மோதியது.

அதே நொடியில் வெளியே பிரேக் கிறீச்சிட்டது. இரும்பும் இரும்பும் அரைபடும் ஓலம். பிறகு மழை மட்டும். மெயில் நின்றுவிட்டது. கையாலேயே நிறுத்திவிட்டான். மேசை விளிம்பில் நெற்றியை வைத்து, "தாயே, தாயே" என்று அழுதான்.

சக்கரங்கள் நிற்கவில்லை. இருந்த இடத்திலேயே சுழன்றன. சுண்டுவிரலின் தோல் போயிற்று. அப்புறம் சதை. வலி தோள்வரை ஏறியது. ஏறட்டும். சக்கரம் எலும்பைத் தொட்டு ஒலி மாறியது. மாறட்டும். கை அசையவில்லை.

அப்போது உள்ளங்கைக்குள் ஏதோ தள்ளியது.

இரண்டு சின்னக் கைகள்.

"நைனா."

வெளியிலிருந்து இல்லை. சன்னலிலிருந்து இல்லை. கைக்குள்ளிருந்து.

"நைனா, கைய எடு. இருட்டா கீது. மூச்சு முட்டுது நைனா."

கொஞ்சம் உயர்த்தினான். நூலளவுதான். உடனே இன்ஜின் அந்த நூலளவு முன்னால் வந்தது. வெளியே, மழைக்குள், மெயிலின் பெரிய சக்கரங்கள் முனகி ஒரு முறை உருண்டன. அழுத்தினான். நின்றன.

"நைனா…"

தள்ளினாள். உள்ளங்கையின் நடுவில், ரேகைகளின்மேல், அந்தச் சின்ன விரல்கள் பிராண்டுவது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஈர மூச்சு தெரிந்தது. எடுக்க முடியவில்லை. வைத்திருக்க முடியவில்லை. வெளியே யாரோ டார்ச் விளக்கோடு, "யாருப்பா தண்டவாளத்துல? யாரும் இல்லியே!" என்று கத்திக்கொண்டு போனார்கள்.

சக்கரங்கள் சுழன்றன.

கைக்குள் தள்ளுவது மெதுவானது. ஒரு தள்ளு. ஒரு மூச்சு. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, உள்ளங்கையில் சாய்ந்துகொள்வதுபோல, ஒரு சின்னத் தலையின் கனம்.