சுழலாத வட்டு

“ஃப்ரீசர்ல ஒரு ராத்திரி போட்டு வெச்சுப் பாத்தியா?”

“அது ஹார்ட் டிஸ்குக்குச் சொல்ற கை வைத்தியம், வெண்டெல். எஸ்.எஸ்.டி.க்குள்ள சுத்துறதுக்கு என்ன இருக்கு? வெறும் சில்லு.”

“பழசாவது சாகுறதுக்கு முன்னாடி டொக்கு டொக்குன்னு பொலம்பும். இது சொல்லாம கொள்ளாம போயிடுது, எங்க மாமனார் மாதிரி.” வெண்டெல் கோட்டை மாட்டிக்கொண்டான். “இருட்டிடுச்சு மார்லிஸ். கஸ்டமர் நாளைக்குத் திட்டட்டும், கிளம்பு.”

“இது கஸ்டமரோடது இல்ல. என்னோடது.”

அவன் வெளியே போனான். கதவைச் சாத்தியபோது டுலூத் நகரத்தின் குளிர் ஒரு கீற்றாக உள்ளே நுழைந்து, சூடான தூசியும் ஈயப்பற்று வாசனையும் கலந்திருந்த அந்தத் தகவல் மீட்புக் கடையின் மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மார்லிஸுக்குக் கண்கள் எரிந்தன. உறைந்த ஏரிமேல் மீன் பிடிக்கப் போன அவள் கணவன் ஆர்னெயின் வண்டி, பனி பிளந்து அவனோடு உள்ளே போய் மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. அவன் தொலைபேசியில் விட்டுப்போன குரல் பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தது. அது டொக்கு டொக்கென்று தட்ட ஆரம்பித்ததும் பயந்துபோய், அசையாதது கெடாது என்று நம்பி, எல்லாவற்றையும் இந்த எஸ்.எஸ்.டி.க்கு மாற்றினாள். கடை வழக்கப்படி, இனி யாரும் படிக்க முடியாதபடி பழையதில் துளையும் போட்டாள். கேட்கத் தைரியமில்லாமல் இதை அலமாரிக்குள் பூட்டி வைத்தாள். மின்சாரம் இல்லாமல் கிடந்தால் சில்லு கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிடும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் எச்சரிக்கிறவள் அவள்தான்.

திரையில் வட்டு திறந்தது. காலி.

மறுபடி முயன்றாள். காலி. இனி அவன் குரல் உலகத்தில் எங்கேயும் இல்லை. நெற்றியை மேசையில் சாய்த்துக்கொண்டாள். அழக்கூடத் தெம்பில்லை.

டொக்.

ஹீட்டர் குழாயாக இருக்கும்.

டொக். டொக்.

காதுக்குப் பக்கத்தில். மேசைமேல். அந்த மெல்லிய பெட்டிக்குள்ளிருந்து.

கம்பியைப் பிடுங்கினாள். சத்தம் நிற்கவில்லை. எந்திரம் தட்டுகிற சத்தமில்லை அது. தடித்த கண்ணாடியை அடியிலிருந்து நகத்தால் தட்டுகிற சத்தம்.

விரலால் தொட்டாள். ஈரம். ஏரி வாசனை.

பின்னால் அலமாரியில் யார் யாருடையவோ செத்த வட்டுகள். ஒன்று தட்டியது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம்.

“மார்லிஸ்.” அவன் குரல்தான். குளிரில் பல் கிட்டியிருந்தது. “மேல வெளிச்சம் தெரியுது. நிறையப் பேர் இருக்கோம்டி இங்க... கொஞ்சம் உடைச்சு விடேன்.”