கண்ணில் ஒரு புள்ளி

மீன்கொத்தியின் கண்ணில் புள்ளி இல்லை.

மற்றதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. இறகுக்கு இறகு நீலம், அலகு நுனியில் விழலாமா வேண்டாமா என்று தொங்கும் நீர்த்துளி, பாரத்தில் லேசாக வளைந்த நாணல். நல்ல வெயிலில் எடுத்த படம். அப்படி எடுத்தால் கருவிழியில் வெளிச்சம் பட்டுக் கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று நிற்கவேண்டும். அது நின்றால்தான் பறவைக்கு உயிர். இல்லாவிட்டால் பஞ்சு அடைத்த பொம்மை.

படமெடுப்பது கணவரின் வேலை; கணினியில் அதைத் துலக்குவது அவள் வேலை. கண் மங்கிய பறவைக்கு இன்னொரு பறவையின் புள்ளியை நகலெடுத்து வைத்துவிடுவாள். ஒருமுறை அவசரத்தில் கோழியின் புள்ளியைக் கழுகுக்கு வைத்தாள். கண்காட்சிக்கு வந்தவர்கள் அந்தக் கழுகுக்குத் தீனி போடலாமா என்று கேட்டார்கள்.

"எம் பொண்டாட்டி கண் டாக்டர்" என்பார் கணவர், வருவோர் போவோரிடமெல்லாம். "என்ன, பேஷண்டெல்லாம் சொல்லாம கொள்ளாம பறந்துடுது."

அவரும் சொல்லாமல் கொள்ளாமல்தான் போனார். ஏரிக்கரைச் சேற்றில் கால் வழுக்கி. கேமரா மட்டும் முக்காலியில் நிமிர்ந்து நின்றதாம், ஒரு துளி நனையாமல்.

"நீயும் வாயேன் டாக்டர், இன்னிக்கு ஒரு நாள்" என்று அன்று வாசலில் நின்று கேட்டார்.

"பறவைய நான் ஸ்க்ரீன்லயே பாத்துக்கறேன். சேத்துல நீங்களே நில்லுங்க."

அதுதான் கடைசிப் பேச்சு. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது யாரோ ஒரு புண்ணியவான் கண்களை மூடி வைத்திருந்தான். திறந்த கண்ணோடு அவரை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. அதற்குமேல் எதுவும் வேண்டாம்.

நாளைக்குப் புகைப்படச் சங்க மண்டபத்தில் அஞ்சலிக் கண்காட்சி. கொழுந்தன் அந்தக் கேமராவிலிருந்த மெமரி கார்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். வெளியே பிற்பகல் மழை ஓட்டின்மேல் அரிசி புடைத்துக்கொண்டிருக்க, மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் ஒவ்வொரு படமாகத் திறந்தாள். நாரையின் கண்ணில் புள்ளி இல்லை. நீர்க்காகத்தின் கண்ணில் இல்லை. கூட்டமாக நின்ற வாத்துகளில் ஒன்றின் கண்ணிலும் இல்லை. அத்தனை பறவைகளும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. நாணல் புதருக்குக் கீழே, தண்ணீரை.

கடைசிப் படத்தில் பறவையே இல்லை. எதிரே ஏதாவது அசைந்தால் தானே படமெடுக்கும்படி கேமராவை வைத்துவிட்டு நகர்வது அவர் வழக்கம். இருட்டிய பிறகு எதுவோ அசைந்திருக்கிறது. முழுக் கறுப்பு.

இருட்டை வெளிச்சமாக்கும் பட்டியை மெல்ல நகர்த்தினாள். கறுப்புக்குள்ளிருந்து நாணல் வந்தது. பிறகு தண்ணீர். பிறகு, தண்ணீருக்கு ஒரு விரல் மேலே, முகம்.

அவர்.

கண்கள் திறந்திருந்தன.

பயம் வரவேண்டிய இடத்தில் அழுகை வந்தது. பார்த்துவிட்டாள், கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் இத்தனை வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? பார்வை தானாகக் கருவிழிக்குப் போயிற்று.

புள்ளி இல்லை.

"இருங்க" என்றாள் ஸ்க்ரீனைப் பார்த்து. "ஒரு நிமிஷம்."

கொக்கின் புள்ளியை வைத்துப் பார்த்தாள். அவர் மீனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். புறாவினுடையது இன்னும் மோசம். மனுஷக் கண்ணுக்கு மனுஷப் புள்ளிதான் பொருந்தும். கல்யாணப் படத்தைத் திறந்தாள். அதில் அவர் தலையைக் குனிந்து மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவள்தான் அவரைப் பார்த்துக் கண் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணிலும் இரண்டு புள்ளிகள், பளிச்சென்று.

"மூலத்துல கை வைக்காத, நகல்ல வேலை செய்" என்று அவர் நூறுதரம் சொல்லியிருக்கிறார். கண்ணை நீர் மறைத்ததோ என்னவோ, நகலெடுப்பதற்குப் பதிலாக வெட்டியெடுத்தாள். ஒட்டினாள். சேமித்தாள், இரண்டு படங்களையும்.

பொருந்திவிட்டது. உயிர் வந்துவிட்டது. நாணலுக்கு நடுவிலிருந்து அவர் அவளைப் பார்த்தார். அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

பக்கத்தில் திறந்திருந்த கல்யாணப் படத்தில் மணப்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பஞ்சு அடைத்த பொம்மை மாதிரி.

செய்ததை விட்டுப் பின்னால் போகும் பொத்தானை அழுத்தினாள். போகவில்லை. மறுபடி அழுத்தினாள். மூலம் போனது போனதுதான்.

மழை விட்டிருந்தது. ஆனால் சொட்டும் சத்தம் விடவில்லை. அறைக்குள்ளிருந்து வந்தது. பாசி வாடை. ஊறிய நாணல் வாடை. ஏரித் தண்ணீர்.

அவள் ஏரிக்கரைப் படத்தைப் பார்த்தாள். நாணல் இருந்தது. தண்ணீர் இருந்தது.

முகம் இல்லை.

ஃபோன் ஒலித்தது. முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. கொழுந்தன்.

"அண்ணி, படமெல்லாம் ரெடியா? ஏன் இருட்டுல உக்காந்திருக்கீங்க? லைட்டப் போடுங்க."

"எரியுதேப்பா. முகத்துக்கு நேராத்தான் எரியுது."

"ஆமா, எரியுது. செவரு தெரியுது, முகம் தெரியுது..." அவன் குரல் தடுமாறியது. "கண்ணு மட்டும் ஏன் அண்ணி இப்படி இருக்கு?"

ஃபோனின் மூலையில், சின்னச் சதுரத்துக்குள், தன் முகத்தைப் பார்த்தாள். விளக்கு எரிந்தது. கன்னத்தில் வெளிச்சம் இருந்தது. கருவிழி இரண்டும் வெறும் கறுப்பு.

"அண்ணி," என்றான் கொழுந்தன், மிகத் தாழ்ந்த குரலில். "அண்ணனோட படத்த எதுக்கு பின்னாடி மாட்டி வெச்சிருக்கீங்க?"

பின்னால் படம் எதுவும் இல்லை.

தோளில் ஒரு சொட்டு விழுந்தது. சில்லென்று. படமெடுக்கும்போதெல்லாம் அவர் சொல்லும் வார்த்தை, காதோரம், ஈரமாக.

"மூச்சு விடாத, டாக்டர்."

அவள் விடவில்லை. சின்னச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் தோளுக்குமேல், இருட்டில், இரண்டு வெள்ளைப் புள்ளிகள் பளிச்சென்று நின்றன. எந்தப் புள்ளி யாருடையது என்று அவளுக்கா தெரியாது?

இரண்டும் அவளுடையவை.