ஜெசிந்தாவின் பச்சை விளக்கு

நாற்பது நிமிடங்களாக ஜெசிந்தாவின் விளக்கு பச்சையாகவே எரிந்தது. பேச்சுக்குக்கூட ஒரு தடவை மஞ்சளுக்கு மாறவில்லை. விவாத அரங்கின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த சிவசைலத்துக்கு வயிறு எரிந்தது.

எதிர்க்கட்சிக்காரர் விடாமல் குத்தினார். "முதல்வர் தென்னவராயன் நாலு மாசமா வெளிய தலைகாட்டல. மூணு இடைத்தேர்தல்ல தோத்தாச்சு. வெள்ளிக்கிழமை நம்பிக்கை வாக்கெடுப்பு, சொந்தக் கட்சிக்காரங்களே முகத்தைத் திருப்பிக்கிறாங்க. இந்த லட்சணத்துல கடல்நீர் ஆலை ஓடுதுன்னு யார் காதுல பூ சுத்துறீங்க? அது ஓடவே இல்ல!"

அவர் விளக்கு மஞ்சளானது. அவருக்குச் சந்தேகம்தான், நிச்சயமாகத் தெரியாது.

"நானே போய்ப் பாத்தேன் சார்" என்றாள் ஜெசிந்தா. "குழாயில தண்ணி கொட்டுது. கையில ஏந்திக் குடிச்சேன். முதல்வர் சொன்னதச் செஞ்சு காட்டிட்டாரு."

பச்சை. டீக்கடைத் திரைகளிலும் வீட்டுக் கூடங்களிலும் அதைப் பார்த்த தலைநகரத்து ஜனம் நிம்மதியாக மூச்சு விட்டது.

மெய்விளக்குச் சட்டம் வந்து மூன்று வருடமாகிறது. பொது விவாதத்தில் பேசுகிறவர் நெற்றியில் ஒரு மெல்லிய பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மனசில் ஒன்றும் வாயில் ஒன்றுமாகப் பேசினால் மூளை கொஞ்சம் கூடுதலாக உழைக்கிறது. பட்டை அதை மோப்பம் பிடித்துவிடும், தலைக்கு மேலே விளக்கு சிவந்துவிடும். இனி அரசியலில் பொய்யே கிடையாது என்று அன்றைக்கு ஊர் பட்டாசு வெடித்துக் கொண்டாடியது. பாவம். சொல்கிறவர் தான் சொல்வதை நம்புகிறாரா என்று மட்டும்தான் அந்த விளக்குக்குத் தெரியும். சொன்னது உண்மையா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஜனங்களுக்கு இது உறைக்கும் முன்பே கட்சிகளுக்கு உறைத்துவிட்டது.

அப்படி வந்தவர்கள்தான் அறியாப் பேச்சாளர்கள். நல்ல குரல், வெள்ளை மனசு, உள்விவரம் ஒன்றும் கிடையாது. அவர்களைத் தனி பங்களாவில் குடிவைத்து, செய்தித்தாளும் கைபேசியும் எட்டாமல் பார்த்துக்கொண்டு, நல்ல சேதிகள் மட்டும் உள்ள கோப்புகளைப் படிக்கக் கொடுப்பார்கள். ஜெசிந்தா தூத்துக்குடியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள். அவளுக்குக் கோப்பு தயாரிக்கும் வேலை சிவசைலத்துடையது. செய்தி ஒழுங்குத் துறையின் தலைவர் என்று பலகை மாட்டியிருந்தார்கள்.

அதற்கு முன் பதினோரு வருடம் அந்த விவாத நாற்காலி சிவசைலத்துடையது. அவர் பேசினால் எதிராளிகள் மறுநாள் லீவு போட்டார்கள் என்று கட்சியில் சொல்வார்கள். சட்டம் வந்த முதல் வாரம் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வணக்கம் சொன்னபோது பச்சை. அதற்குப் பிறகு எழுந்திருக்கும்வரை சிவப்பு. விவரம் தெரிந்தவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை என்று அன்றே முடிவாகிவிட்டது.

இப்போது பூங்கொத்துகள் ஜெசிந்தாவுக்கு வருகின்றன. போன வாரம் முதல்வர் தன் வீட்டுக்கே அழைத்து அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். பதினோரு வருடத்தில் சிவசைலத்துக்கு ஒரு துண்டுகூட விழுந்ததில்லை. சரி, வீட்டுக்கு வந்தாலாவது நிம்மதி உண்டா? அன்றைக்கு மனைவி பாமா திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சோறு போட்டாள்.

"எவ்ளோ தெளிவாப் பேசுது பாருங்க அந்தப் பொண்ணு. நீங்க பேசும்போது நானே சேனலை மாத்திடுவேன்."

"ரசம் ஊத்து" என்றார் சிவசைலம்.

அவளை வீழ்த்த ஒரே ஒரு உண்மை போதும் என்பது அவருக்குத் தெரியும். கடல்நீர் ஆலை நின்று நான்கு மாதமாகிறது. உப்பைப் பிரிக்கும் சவ்வுகள் அத்தனையும் கிழிந்துவிட்டன. ஊர் குடிப்பது ஏரியின் கடைசித் தண்ணீரை. இன்னும் இருபத்தொரு நாளைக்கு இருக்கிறது. ஆலைப் பொறியாளர்கள் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. ஜெசிந்தாவுக்கு இது தெரிந்துவிட்டால் மறுநாளே விளக்கு சிவந்துவிடும். மக்களுக்காகத்தான் சொல்லப்போகிறோம் என்று சிவசைலம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான்கு மாதமாக வராத மக்கள் கவலை, பொன்னாடையைப் பார்த்ததும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

மறுநாள் ஒப்பனை அறையில் அவள் தனியாக இருந்தாள்.

"ஜெசிந்தாம்மா, ஒரு விஷயம். அந்த ஆலை ஓடல."

"என்ன அண்ணாச்சி சொல்லுதீய? நீங்கதான கூட்டிட்டுப் போனீய? நான் தண்ணியக் குடிச்சேனே!"

"அது ஏரித் தண்ணி. நீ பார்க்க வர்றேன்னு நான்தான் குழாயைத் திருப்பிவிடச் சொன்னேன். இன்னும் இருபது நாள்ல ஊரே காஞ்சு போயிடும்."

ஜெசிந்தாவின் கண் கலங்கியது. ஆனால் அது ஊருக்காக இல்லை.

"நீங்க என் மேல வயித்தெரிச்சல்ல இருக்கீயன்னு எல்லாரும் சொன்னாவ அண்ணாச்சி. நான் நம்பல. எங்க ஊருப் பக்கத்து மனுஷன், அப்படி இருக்க மாட்டாருன்னு சண்ட போட்டேன். இப்பம் நம்புதேன்."

அன்று மாலையும் பச்சை எரிந்தது. முன்னைவிடப் பளிச்சென்று எரிந்ததாகச் சிவசைலத்துக்குப் பட்டது. பொறுக்க முடியவில்லை. எந்தக் குடிமகன் கேட்டாலும் அரங்கில் பத்து நிமிடம் தர வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. வேலை போகும், ஜெயில்கூடக் கிடைக்கலாம் என்று தெரிந்தும் எழுதிக் கொடுத்தார்.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் மாலை ஏழு மணிக்கு, மூன்று வருடம் கழித்து, அவர் பட்டையைக் கட்டிக்கொண்டார். எதிரே ஜெசிந்தா. நடுவே நெறியாளர் மன்சூர்.

"கடல்நீர் ஆலை நாலு மாசமா நின்னு கிடக்கு."

பச்சை. அரங்கில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஏரியில இருக்கிறது பத்தொன்பது நாள் தண்ணி. முதல்வருக்குத் தெரியும். தலைகாட்டாததுக்கு அதுதான் காரணம். இந்த அம்மாவை ஏமாத்தினது நான். உங்களை ஏமாத்தினதும் நான்தான்."

பச்சை, பச்சை, பச்சை. டீக்கடைகளில் ஆற்றிய டீ ஆற்றியபடி நின்றது. பெண்கள் திரையைப் பார்த்தபடியே குழாயடிக்கு ஓடினார்கள். ஊரில் இருந்த குடம், அண்டா, வாளி, பிரஷர் குக்கர் எல்லாம் நிரம்பத் தொடங்கின. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் சிலர் அந்த நிமிடமே எதிர்க்கட்சிக்குப் போன் போட்டார்கள். சிவசைலம் தன் தலைக்கு மேலே எரிவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டார். அது எவ்வளவு அழகு! இத்தனை நாள் இதற்குத்தானே ஏங்கினோம் என்று நெஞ்சு விம்மியது.

மன்சூர் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க மேடம்? ஆலை ஓடுதா?"

ஜெசிந்தாவின் முகம் வெளுத்திருந்தது. "ஓடு..." என்று தொடங்கி நிறுத்தினாள். முதல் முறையாக அவள் விளக்கு மஞ்சளில் நடுங்கியது. பிறகு மன்சூரை விட்டுவிட்டுச் சிவசைலத்தைப் பார்த்துக் கேட்டாள். அதில் சூதுவாது எதுவும் இல்லை. அடிபட்டவள் கேட்கும் கேள்வி.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இத ஜனங்களுக்காகச் சொல்லுதீயளா, இல்ல என் மேல உள்ள பொறாமையிலயா?"

ஆமாம், பொறாமைதான், ஆனாலும் ஆலை நின்றது நிஜம் என்று அவர் சொல்லியிருக்கலாம். அத்தனை வார்த்தையும் பச்சையில் போயிருக்கும். ஆனால் ஊரே பார்க்கிறது, வீட்டில் பாமா பார்க்கிறாள். எந்த மனுஷன் அதை ஒப்புக்கொள்வான்?

"பொறாமையா? உன் மேலயா? எனக்கு எதுக்கும்மா பொறாமை?"

ரத்தச் சிவப்பு.

டீக்கடைகளில் சிரிப்பு வெடித்தது. அரங்கிலேயே ஒருவர் விசிலடித்தார். ஜெசிந்தா நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள். எப்பேர்ப்பட்ட பாரம் இறங்கியிருக்கும் அவளுக்கு! "ஆலை ஓடுது சார்" என்றாள் மன்சூரிடம். அவள் விளக்கு பச்சைக்குத் திரும்பியது.

விடிவதற்குள் அரசு சிவப்பு எரிந்த அந்த நான்கு விநாடியை வெட்டி எடுத்து ஊரெங்கும் ஓடவிட்டது. "விளக்கே சொல்லிவிட்டது" என்று மட்டும் அடியில் எழுதியிருந்தார்கள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பச்சை எரிந்த ஒன்பது நிமிடத்தைத் திரும்பப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும் என்றார்கள். ஆளுங்கட்சி உறுப்பினர்கள் போனை அணைத்துவிட்டு ஒழுங்காக வந்து வாக்களித்தார்கள். தென்னவராயன் முப்பத்திரண்டு வாக்கு வித்தியாசத்தில் தப்பினார்.

ஒரு பொறாமைக்காரன் பேச்சைக் கேட்டு ஏமாந்தோமே என்ற வெட்கம் ஊரைப் பிடித்துக்கொண்டது. பிடித்து வைத்த தண்ணீரைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. வாசல் கழுவினார்கள், கார் கழுவினார்கள், மிச்சத்தைத் தெருவில் கொட்டினார்கள். எதிர்வீட்டுப் பெண் ஒரு குடத்தைச் சிவசைலத்தின் கேட்டுக்கு நேரே கவிழ்த்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்துப் போனாள். ஊர் நிரப்பியதிலும் கொட்டியதிலும் ஏரியின் கணக்கு இரண்டே நாளில் பதினாலுக்கு இறங்கிவிட்டது.

பாமா சமையலறையில் நின்றாள். அவளும் வியாழக்கிழமை பெரிய அண்டா நிறையப் பிடித்து வைத்திருந்தாள்.

"ஏங்க, நிஜமாச் சொல்லுங்க. அந்தத் தண்ணி விஷயமாவது உண்மையா?"

"சத்தியமா உண்மை பாமா. அதைக் கொட்டிடாதே."

பாமா, மூன்று வருடப் பழக்கத்தில், அவர் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தாள். அங்கே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அண்டாவை விளிம்பைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சாய்த்தாள்.