காற்றுப் பட்ட நீர்

துடைத்து வைத்த எஃகுத் தட்டில் ஒரு சிரிஞ்சு கிடந்தது. அதை யாரும் கொண்டுவரவில்லை.

ஆய்வகப் பணியாளர் ரவ்தா கை கழுவத் திரும்பியபோது தட்டு காலியாகத்தான் இருந்தது. நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிவிட்டதால், ஸ்பாக்ஸ் துறைமுகத்துக்கு எதிரே இருந்த அந்தச் சிறிய மருத்துவமனையில் செருப்புச் சத்தம்கூட அடங்கிப்போயிருந்தது. மாடியிலிருந்து சூப்பும் முட்டை வைத்துப் பொரித்த ப்ரிக்கும் மணக்க, கடல் பக்கத்து ஜன்னலில் வெளிச்சம் பழுப்பேறிக்கொண்டே போக, ஆய்வகத்தில் பிஎச் பார்க்கும் இயந்திரம் மட்டும் தன் மெல்லிய குழாயால் அவ்வப்போது எதையோ உறிஞ்சிக்கொண்டிருந்தது.

“ரவ்தாக்கா, வர்றீங்களா இல்லையா? பேரீச்சம்பழம் எல்லாத்தையும் நானே தின்னுடுவேன்,” என்று படிக்கட்டிலிருந்து காவலாளி மொன்ஸிஃப் குரல் கொடுத்தான்.

“நீ எப்போடா மிச்சம் வச்சே? போ, வர்றேன்.”

அவள் போகவில்லை. போன வாரம் அப்படிப் போனதுதான் வினையாகிவிட்டது.

அன்று இதே பொழுதில், ஹமாதி என்ற மீனவரின் நெஞ்சில் தேங்கிய நீரை இப்படியொரு சிரிஞ்சில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். காற்றுப் படாமல் மூடி, கையோடு அளந்துவிட வேண்டிய நீர் அது. அதன் பிஎச் எண் இறங்கி வந்தால் உள்ளே சீழ் பிடிக்கிறது என்று பொருள். உடனே நெஞ்சில் துளையிட்டுக் குழாய் போட்டாக வேண்டும். காற்றுப் பட்டுவிட்டாலோ எண் ஏறி, பயமே இல்லாததுபோலக் காட்டும். ரவ்தாவுக்கு இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் நாள் முழுக்கத் தொண்டை வறண்டு கிடந்தவள், பாங்கு கேட்டதும் திறந்த சிரிஞ்சை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். வயிறு நிறைந்து திரும்பி வந்து அளந்தபோது எண் அழகாக வந்தது. குழாய் வேண்டாம் என்று டாக்டர் நஸீஹா முடிவு செய்தார்.

மறுநாள் ஹமாதியின் மனைவி ஒரு தட்டு மக்ரூத் இனிப்பு கொண்டுவந்தாள். “எம் புருஷன் நெஞ்சுல கத்தி படாம காப்பாத்திட்டியேம்மா. உன் கை நல்லாருக்கணும்.” ரவ்தா தட்டை வாங்கிக்கொண்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இன்று மதியத் தொழுகைக்குப் பின் ஹமாதியை அடக்கம் செய்தார்கள்.

பாங்கு ஒலித்தது.

சிரிஞ்சுக்குள் கலங்கிய மஞ்சள் நீர். மூடி இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் தண்டு மெல்லப் பின்னால் போனது. நின்றது. முன்னால் வந்தது. உள்ளே போகும் காற்றில் நீர் களகளவென்று கொப்புளித்தது, நெஞ்சுச் சளியோடு தூங்குகிறவரின் மூச்சைப் போல. உப்பும் டீசலும் கலந்த படகு வாடை அடித்தது.

மறுபடி பின்னால். மறுபடி முன்னால்.

தொலைபேசி மணி அடித்தது.

“ரவ்தா, நஸீஹா பேசறேன்.” டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. “தப்பு என்னோடதுன்னு ஹமாதி வீட்டுல சொல்லிட்டு வரக் கிளம்பிட்டேன். ஆனா மனசு கேக்கல. அன்னிக்கு நீ அளக்கறப்போ சிரிஞ்சு மூடித்தானே இருந்துச்சு? திட்ட மாட்டேன். உண்மையச் சொல்லு.”

சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. வேலை போகும், போகட்டும். ஆனால் குற்றவுணர்வைவிடப் பயம் பெரிதாக இருந்தது. தண்டு பாதி வழியில் நின்று காத்திருந்தது.

“மூடித்தான் இருந்துச்சு டாக்டர்.”

டக்.

சிரிஞ்சின் வாயில் வெள்ளை மூடி. இறுக்கமாக.

தண்டு பின்னால் போகப் பார்த்தது. முடியவில்லை. மீண்டும். துடித்தது. தட்டு கிடுகிடுத்தது. ரவ்தா ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு சிரிஞ்சை எடுத்தாள். காய்ச்சல்காரனின் உடம்புபோலச் சுட்டது. மூடியைத் திருகினாள். வழுக்கியது. நகம் பெயர்ந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். அசையவில்லை.

“ரவ்தா? அங்கே யாரு? யாரோ மூச்சுக்குத் திணறுற மாதிரி கேக்குதே.”

திறந்திருந்தது என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லுக்குக் காற்று இல்லை.

கையிலிருந்த சிரிஞ்சின் மூடி இறுகியே இருந்தது. தண்டு மட்டும் இப்போது நிதானமாக, ஆழமாகப் பின்னால் போனது. ஒவ்வோர் இழுப்புக்கும் அவள் நெஞ்சு ஒட்டிப்போனது.