வலது கண்ணில் ஒரு சொட்டு

“ஜீப்பை நிறுத்துங்க!”

ஜஹனாரா மழையில் ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

“வழி விடுங்க! இவருக்கு மண்டைக்குள்ள ரத்தம் கசியுது. வலது கண் பாப்பா மட்டும் விரிஞ்சிருக்கு. மெட்ராஸ் போய் உடனே தலையைத் திறக்கணும்!”

கத்தியவன் அமீர். மூளை நோய் ஆராய்ச்சி மாணவன். மாமல்லபுரத்துக் குப்பத்தில் நடந்த மருத்துவ முகாமுக்குச் செங்கல்பட்டிலிருந்து அன்றுதான் வந்திருந்தான். ஜஹனாரா அதே முகாமில் கண் நோய் ஆராய்ச்சி மாணவி. அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை...

“அது ரத்தமில்ல... விழித்திரையைப் பார்க்க, பாப்பாவை விரிக்கிற மருந்தை நான்தான் விட்டேன். நடந்து வீடு போக ஒரு கண்ணாவது தெளிவா இருக்கட்டும்னு வலது கண்ணுக்கு மட்டும். சீட்டுல எழுத... மறந்துட்டேன்.”

ஜீப்பில், முந்தின நாள் மண்டையில் துடுப்படி பட்ட மாயவன் படுத்திருந்தார். அவர் மனைவி வச்சலா தலையில் அடித்துக்கொண்டாள். “பூட்டாருன்னே நெனச்சேனே, தாயீ!”

“ஒரு வரி எழுதத் தெரியாத உங்களுக்கு எதுக்கு ஆராய்ச்சி?” என்றான் அமீர், குப்பமே கேட்க. ஜஹனாரா நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்குப் பெரிய, கறுத்த கண்கள்... அவற்றில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். ஏனென்று அவளுக்குப் புரியவில்லை.

மழை விட்டதும் பேராசிரியருக்கு நடந்ததை எழுதினாள். ‘உன்னைப் பத்தி ஒரு பேச்சு வந்தாலும் படிப்பு போதும்’ என்று அவளைப் பெற்ற அத்தா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனாலும் எழுதி முடித்தாள்.

கூடாரத்து வாசலில் அமீர். “அதை அனுப்பாதீங்க.”

“பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“இல்ல... மிச்சத்தையும் எழுதணும். மாயவன் அண்ணாத்த எங்கிட்ட சொன்னாரு. ‘அந்தம்மா கண்ணுல இன்னாவோ ஊத்துச்சி’ன்னு. மீன் பிடிக்கிறவருக்கு இன்னா தெரியும்னு நான் காதுலயே வாங்கல. அதை மறைக்கத்தான் உங்க மேல கத்தினேன்.”

பேனாவை வாங்கி, அவள் கையெழுத்துக்குக் கீழே அத்தனையும் எழுதித் தன் பெயரைப் போட்டான்.

“ரெண்டு பேரையும் ஆராய்ச்சியை விட்டே அனுப்பிடுவாங்க...” என்றாள்.

“அனுப்பட்டும். அத்தனை பேர் முன்னாடி உங்க தப்பை நீங்க ஒத்துக்கிட்டீங்க. எனக்கு வராத தைரியம் அது. அப்பவே மனசு உங்ககிட்ட வந்துடுச்சு... உங்க அத்தாவைப் பார்க்க வரட்டுமா?”

கடிதத்தை மடித்து உறையிலிட்டாள். கண்ணீர் முட்டியது.

“வாங்க. முதல்ல உங்க தப்பை அவர்கிட்டச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் பொண்ணு கேட்க மனசிருந்தா கேளுங்க...” தலை குனிந்தாள். “எனக்குச் சம்மதம்.”