நாற்பது மீட்டர் ஆழத்தில் சிவப்பு

படகுக்காரி உள்ளே வந்ததும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். அதில் யாரும் உட்காருவதில்லை. துப்பறிவாளரின் மைத்துனன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். துப்பறிவாளர் கையமர்த்தினார். அது அவர் மனைவியின் நாற்காலி. அவள் இறந்து ஒரு வருஷம் ஆகிறது.

"இருக்கட்டும். சொல்லுங்க" என்றார்.

"திருடின்னு சொல்லியிருந்தாக்கூடத் தாங்கிக்குவேன் சார். கடலைக் காட்டிக் கொடுத்தவள்னு சொல்றாங்க. கூடப்பிறந்த தம்பியே என்கூட முகம் கொடுத்துப் பேசறதில்ல."

விஷயம் இதுதான். ஒரு கம்பெனி கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணறு தோண்டப் போகிறது. தோண்டும் முன் சுற்றுச்சூழல் ஆய்வு நடக்க வேண்டும். ஆனால் விதியில் ஒரு விலக்கு உண்டு. கடலடி உயிரில்லாத வெறும் சேறு என்று ஒரு படம் காட்டிவிட்டால் போதும், ஆய்வே வேண்டாம். அந்தப் படம் எடுக்கத்தான் இவள் படகை வாடகைக்குப் பிடித்தார்கள். படத்தில் வெறும் சேறு. விலக்கு கிடைத்துவிட்டது.

"அங்க இருக்கிறது பவளப் பாறை சார். எங்க மொத்த மீனும் அதைச் சுத்தித்தான். நான் கைநீட்டிக் காசு வாங்கிட்டு வேற எடத்துல படகை நிறுத்திட்டேன்னு ஊரே பேசுது. திங்கக்கிழமை தோண்டற கப்பல் வருது. அதுக்கப்புறம் என் பேரு சுத்தமானாலும் என்ன, நாறினாலும் என்ன?"

"படத்தைப் பாத்தீங்களா?"

"எல்லார் போன்லயும் ஓடுது. நான் பாக்கல. பாத்தா போனை உடைச்சிடுவேன், அப்புறம் அதுக்கு வேற தண்டம் அழணும்."

மைத்துனன் சிரித்தான். துப்பறிவாளர் சிரிக்கவில்லை. "அன்னைக்குப் படகுல யார் யார்?"

"நானும் கம்பெனி அமர்த்தின கேமராப் பொண்ணும்தான். கம்பெனி மேனேஜர் வரல. படகைப் பாத்தாலே அவருக்குக் குமட்டும்."

"எல்லாம் சரியா நடந்துச்சா?"

"எங்க சார்? கேமரா விளக்கு கரையிலயே அணைஞ்சுபோச்சு, ரிப்பேருக்குக் கொடுத்துட்டுத்தான் கிளம்பினோம். அது இன்னும் வரலையாம். நடுக்கடலுக்குப் போனப்புறம் பாத்தா, கேமராவைக் கீழ இறக்கற கயித்துல கட்டற இரும்பு எடையையும் கம்பெனி ஆபீஸ்ல மறந்துட்டா. என் ஈயக்குண்டைக் கொடுத்தேன். நல்ல வெயில், தண்ணி கண்ணாடி மாதிரி. விளக்கில்லாமலே எடுத்தா. கரைக்கு வந்ததும் கேமராவை மேனேஜர் கையில ஒப்படைச்சிட்டு அடுத்த வேலைக்கு பஸ் ஏறிட்டா."

"ஆழம்?"

"நாப்பது மீட்டர்."

"ஈயக்குண்டு?"

"படகுலதான் தொங்குது. அப்புறம் நான் எங்க கடலுக்குப் போனேன்? என்கூட எவன் வரான்?"

அவள் போனதும் மைத்துனன் தன் போனில் படத்தை ஓட்டினான். சாம்பல் நிறச் சேறு. ஓரத்தில் ஓர் இரும்பு எடை ஆடியது. அதில் அடையாளத்துக்குக் கட்டிய துணி, தக்காளிச் சிவப்பு.

"மாமா, அந்தக் கேமராப் பொண்ணுதான். வேலையை முடிச்சா, பஸ் ஏறினா. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"நீ யோசிக்காம இருக்கிறதுதான் இருக்கு மாப்ள. செருப்பை மாட்டு."

படகில் ஈயக்குண்டு கொக்கியில் தொங்கியது. அதன் அடியில் ஒரு குழி. குழி நிறைய சோப்பு.

"குளிப்பாட்டறீங்களா?" என்றான் மைத்துனன்.

"கடல் தரையில இருக்கிறது சோப்புல ஒட்டிக்கிட்டு வரும் தம்பி" என்றாள் படகுக்காரி. "அடியில மணலா, சேறா, பாறையான்னு தெரியணும்ல? அடுத்த தடவை இறக்கறப்பதான் பழசைச் சுரண்டிட்டுப் புதுசு அடைப்பேன்."

"இந்தத் தடவை என்ன ஒட்டியிருக்குன்னு பாத்தீங்களா?"

"எனக்குத் தெரியாததா அங்க இருக்கு?"

"அப்படியே துணியில சுத்துங்க. நீங்களும் பாக்க வேண்டாம். எல்லாரும் சேந்து பாப்போம்" என்றார் துப்பறிவாளர்.

மறுநாள் காலை. விலக்குக் கொடுத்த அதிகாரியின் அறை. துப்பறிவாளர் எல்லாரையும் அங்கே வரவழைத்திருந்தார். நீள மேசை, சுவரில் வெள்ளைத் திரை. மேனேஜர் முதலிலேயே வந்து, மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தார். கேமராப் பெண் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். படகுக்காரியின் தம்பி உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

படம் ஓடியது. படகுக்காரி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"இது என் குண்டு இல்லையே."

"இது நான் எடுத்த படமே இல்ல" என்றாள் கேமராப் பெண்.

"வேற எப்படிச் சொல்லுவாங்க?" என்றார் மேனேஜர்.

துப்பறிவாளர் திரையில் விரலை வைத்தார். "இந்தத் துணி என்ன நிறம்?"

"சிவப்பு" என்றார் அதிகாரி.

"கேமராவுல விளக்கு இல்ல. வெறும் வெயில். வெயில்ல இருக்கிற சிவப்பு நாப்பது மீட்டருக்குப் போகாது, வழியிலயே அதைத் தண்ணி குடிச்சிடும். அங்க இந்தத் துணி கறுப்பாத்தான் தெரியணும். இது இடுப்பளவோ ஆளளவோ தண்ணி. துறைமுகத்துக்குள்ளயே எடுத்திருக்கலாம்."

"அப்ப இவங்க ரெண்டு பேரும் சேந்து பண்ணியிருக்காங்க" என்றார் மேனேஜர்.

"இவங்க ரெண்டு பேருக்கும் இரும்பு எடை படகுக்கு வரலைன்னு தெரியும். பொய்ப் படம் எடுத்திருந்தா ஈயக்குண்டைத்தான் கட்டியிருப்பாங்க. வழக்கம்போல இரும்பைக் கட்டினவர், அன்னைக்குப் படகுல என்ன நடந்ததுன்னு தெரியாதவர். எடை இருந்தது உங்க ஆபீஸ்ல. கேமரா இருந்தது உங்க கையில. கடலுக்குப் போனா உங்களுக்குக் குமட்டும், அதனால துறைமுகம்."

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"சரி. படம் தப்புன்னே வெச்சுக்குங்க. அதனால அங்க பாறை இருக்குன்னு ஆயிடுமா? விலக்குக் கையெழுத்தாயிடுச்சு. விலக்குன்னா என்ன? யாரும் போய்ப் பாக்க வேண்டாம்னு அர்த்தம். பாக்கறதா இருந்தா வேற யார் பாக்கணும்? இந்தம்மாவா?"

அதிகாரி பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படகுக்காரி துணியைப் பிரித்தாள். ஈயக்குண்டை மேசை நடுவில் கவிழ்த்து வைத்தாள். டம்ளர் தண்ணீர் அதிர்ந்தது.

சோப்பில் விரல் நுனியளவு பவளக் கிளை ஒன்று இளஞ்சிவப்பாகக் குத்தி நின்றது. அதன் பக்கத்தில் இரண்டாய்ப் பிளந்த சிப்பி. சேறு துளியும் இல்லை.

"அன்னைக்குக் கேமராவுக்குக் கீழே இருந்தது இதுதான்" என்றாள் கேமராப் பெண். "நான் எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"இதை எடும்மா, மேசை வீணாகுது" என்றார் மேனேஜர்.

"எடுக்கமாட்டேன். பாக்க வேண்டாம்னு சொன்னீங்கல்ல? சார் இப்பப் பாத்துட்டார். பாக்காத மாதிரி எழுதச் சொல்லுங்க. நான் இங்கயேதான் நிப்பேன்."

அதிகாரி நிமிர்ந்தார். மேனேஜரைப் பார்க்கவில்லை. "கப்பலை வர வேண்டாம்னு சொல்லிடுங்க. விலக்கை நிறுத்தி வைக்கிறேன். முழு ஆய்வு நடக்கட்டும்."

வாசலில் நின்ற தம்பி உள்ளே வந்தான். அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஈயக்குண்டைப் பார்த்தான்.

"தூக்கட்டுமாக்கா? கனமா இருக்கும்."

"இப்பதான் வழி தெரிஞ்சுதா உனக்கு?" என்றாள். அவன் கையைத் தட்டிவிட்டாள், பிறகு அதையே பிடித்துக்கொண்டாள். "அது இங்கயே இருக்கட்டும்டா. ஆய்வு முடிஞ்சதும் நானே வந்து எடுத்துக்கறேன்."